தெற்குச் சுவரில் ஒன்பது துளைகள்

பேராச்சி கையிலிருந்த சுரண்டும் தகட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பை நிமிர்த்தியபோது காலை மணி பத்தரை. எக்ஸ்ரே அறையின் தெற்குச் சுவரில் இருந்த பழைய பெயின்ட் முழுவதும் அவள் காலடியில் சுருள் சுருளாகக் கிடந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் அவளே கட்டி, அவளே பூசிய சுவர். இப்போது அவளே சுரண்டியிருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. பாவூர்சத்திரம் வட்டாரத்தில் பெண்கள் சித்தாளாகவே காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது, கரண்டியைக் கையில் பிடித்துக் கொத்தனார் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்ததே இந்த அறைதான்.

முன்பெல்லாம் எக்ஸ்ரே அறை என்றால் சுவருக்குள் ஈயத் தகடு பதிப்பார்கள். கதிர் வெளியே போகாமல் ஈயம் பிடித்துக்கொள்ளும். ஆனால் அறையை இடிக்கும் நாளில் அந்த ஈயம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே உருக்குகிறவனின் ரத்தத்தில் கலக்கும், அவன் பிள்ளைகளின் பாலில் கலக்கும். இதைப் புரிந்துகொள்ள அரசாங்கத்துக்கு ரொம்ப காலம் பிடித்தது. புரிந்த பிறகு கட்டடங்களில் ஈயமே கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் கனப்பூச்சு. பேரியம் உப்பும் செம்மண் கழிவும் கலந்த மூட்டை. பார்க்க சிமென்ட் மூட்டை மாதிரிதான் இருக்கும். தூக்கப் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விஷம் கிடையாது. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுச் சோறு சாப்பிடலாம். கொத்தனார்கள் சந்தோஷமாகப் பூசினார்கள்.

அந்தச் சுவருக்கு ஞாபகசக்தி உண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

நாலைந்து வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த உப்பு தன்மேல் பட்ட கதிரையெல்லாம் உள்ளுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. இருட்டில் சிவப்பு விளக்கைக் காட்டினால் வைத்திருந்ததை நீல வெளிச்சமாகக் கக்குகிறது. அன்றிலிருந்து, புது மெஷின் மாட்டுவதற்கு முன்னால் அதிகாரி வந்து சுவரைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆகிவிட்டது. சுவர் படிப்பு வந்ததும் என்னென்னவோ வெளிச்சத்துக்கு வந்தது. ஏதோ ஓர் ஊரில் ஆறு வருடமாக ஆயிரக்கணக்கில் படம் எடுத்ததாகக் கணக்குக் காட்டிய இடத்தில், சுவர் கழுவி வைத்த பலகை மாதிரி இருட்டாக இருந்ததாம். சுவருக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்த அறையின் பழைய மெஷினைப் போன வாரமே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தரை ஓடுகளையும் பெயர்த்தாயிற்று. புது மெஷின் வருகிறது, அதிகாரி மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறார். வரைபடத்தில் நெஞ்சுப் படம் எடுக்கிற நிலைச்சட்டம் தெற்குச் சுவரில் இருப்பதாகப் போட்டிருக்கிறது. கதிர் நேராக அடிக்கிற சுவர் அதுதான். ஆகவே அதை மட்டும் சுரண்டினால் போதும் என்று எக்ஸ்ரே அறைக்குள் வந்தே பழக்கமில்லாத ஸ்கேன் சென்டர் முதலாளி டாக்டர் சங்கரநயினார் சொல்லிவிட்டார்.

பெயின்ட் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் பேராச்சி கதவைச் சாத்தி, சுவரில் வெயில் படாமல் இருக்கக் காலையிலேயே ஜன்னலில் தொங்கவிட்ட சாக்கை இன்னும் இழுத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டாள். ரொம்ப நேரம் காட்டக் கூடாது. காட்டக் காட்டச் சுவர் மறந்துகொண்டே வரும்.

சுவர் நீலமாக மினுங்கியது. அந்த நீலத்தில் ஒன்பது கறுப்பு வட்டங்கள். கீழே ஐந்து, மேலே நாலு. ஒவ்வொன்றும் அவள் முஷ்டி அளவு.

அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சாரத் துளைகள்.

சுவர் எழுப்பும்போது நின்று வேலை செய்ய மூங்கிலால் சாரம் கட்டுவார்கள். குறுக்குக் கட்டைகளின் ஒரு முனை சுவருக்குள்ளேயே செருகியிருக்கும். பூசி முடித்துச் சாரத்தைப் பிரிக்கும்போது, கட்டையை உருவிவிட்டு அந்தத் துளையைக் கையில் இருக்கிற கலவையால் அடைப்பது வழக்கம். தென்மேற்கில், கன்னி மூலையில் ஆரம்பித்து வலமாகச் சுற்றி வருவதும் வழக்கம். மேற்கு, வடக்கு, கிழக்கு, கடைசியில் தெற்கு. முதல் மூன்று சுவர்களிலும் கனப்பூச்சு மிச்சம் இருந்தது. துளைகளை அதிலேயே அடைத்தாள். தெற்குச் சுவருக்கு வரும்போது மூட்டை காலி. இருந்தது வெளித் திண்ணைக்குக் குழைத்த சாதா மணல் சிமென்ட். அதை அள்ளி அப்பிவிட்டாள். ஐம்பது வருடமாக எல்லாக் கொத்தனாரும் செய்கிற காரியம். மழையும் காற்றும் நுழையாமல் இருக்க அது போதும்.

கதிருக்குப் போதாது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது. ரஹ்மத்துவின் கடை. பேராச்சிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள், வருடா வருடம் நோன்புக் கஞ்சி கொடுத்து அனுப்புகிறவள். இந்தக் கட்டடம் திறந்த மாதமே அங்கே கடை போட்டாள். பதினோரு வருடமாக இந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறாள். கீழ் வரிசைத் துளைகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பேராச்சி மனதுக்குள் அளந்து பார்த்தாள். உட்கார்ந்தால் ரஹ்மத்துவின் கழுத்து வருகிற உயரம்.

போன வருடம்தான் ரஹ்மத்துவுக்குக் கழுத்தில் கட்டி என்று திருநெல்வேலியில் ஆபரேஷன் ஆனது. சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். பேராச்சி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்து, "ஆரு கண்ணு பட்டுதோ தாயி" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அது இப்போது நினைவுக்கு வந்தது. பெயர்த்துப் போட்ட ஓட்டுக் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பூச்சு வேலைக்கான பெரிய வெள்ளை விளக்கு மூலையில் இருந்தது. அரைமணி நேரம் அதைச் சுவரில் அடித்தால் போதும். சுவர் எல்லாவற்றையும் மறந்துவிடும், நீலமும் இருக்காது, அதில் கறுப்பும் தெரியாது. பெயின்ட் சுரண்டும்போது வெயில் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி எத்தனையோ இடத்தில் ஆகியிருக்கிறது. அவளுடைய பெயர் நிற்கும். அவளை நம்பி இருக்கிற பதினாலு ஆட்களின் பிழைப்பும் நிற்கும். எழுந்து போய் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளக்கைச் செருகினாள். சுவிட்சில் விரலை வைத்தாள்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. ரஹ்மத்து யாரிடமோ, "நாளைக்கி வாங்க, கொக்கி மட்டுந்தான் பாக்கி" என்று சொல்வது கேட்டது. மறுபடியும் மெஷின் ஓடியது.

பேராச்சி பிளக்கைப் பிடுங்கினாள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் தேவசகாயம், எக்ஸ்ரே டெக்னீஷியன். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு: பயந்தாங்கொள்ளி சார். எல்லா ஊரிலும் டெக்னீஷியன் அறைக்குள்ளேயே கண்ணாடிக் கூண்டில் நின்றுதான் பட்டனை அமுக்குவார். இவர் மட்டும் ஒரு நீளமான வயரை இழுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய், கதவைச் சாத்தி, தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று கத்துவார். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு கத்துவார். கல்யாண வீடுகளில் இளவட்டங்கள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். பேராச்சியும் சிரித்திருக்கிறாள்.

"என்ன கொத்தனாரம்மா, இருட்டுல உக்காந்திருக்கீய?"

பேராச்சி சிவப்பு விளக்கைப் போட்டுக் காட்டினாள். தேவசகாயம் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"வெளக்க அணைங்க. வீணாப் போகுது" என்றார்.

"சார், நாந்தான் அடச்சேன். சாதா கலவ. அந்தப் பக்கம் ரஹ்மத்து இருக்கா. அவ கழுத்து…"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒம்பது ஓட்ட. மெஷின் மாட்டுன மொத வாரத்துலயே தெரியும்." தேவசகாயம் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவியை எடுத்தார். "கதிர் அளக்குத மீட்டரு. புது ரூமுன்னா நாலு பக்கமும் போயி அளந்து பாக்கணும். அந்தக் கடைக்குள்ள போனேன். சில எடத்துல மட்டும் துள்ளுச்சு. செவுத்துல தட்டிப் பாத்தேன். சத்தம் வேற மாதிரி கேட்டுது."

"பெறவு?"

"பெறவு என்ன. அந்த வடக்குச் செவுத்தக் கொஞ்சம் சொரண்டுங்க. நானும் சொரண்டுதேன்."

இரண்டு பேரும் சுரண்டினார்கள். முக்கால் மணி நேரம். ஆளுயரத்துக்கு ஒரு பட்டை தெரிந்ததும் அவர் போதும் என்றார். பேராச்சி விளக்கைப் போட்டாள்.

வடக்குச் சுவர் பற்றி எரிகிற மாதிரி நீலமாக ஒளிர்ந்தது. அதன் நடுவே மனிதர்களின் நிழல். பதினோரு வருடமாக அந்த இடத்தில் நெஞ்சைக் காட்டி நின்ற அத்தனை பேரின் விலா எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கடைசியில் ஒரே ஒரு அகலமான நெஞ்சாக ஆகியிருந்தது. பீடி சுற்றுகிறவர்கள், செங்கல் சூளை ஆட்கள், வெளிநாடு போவதற்கு மெடிக்கல் எடுக்க வந்த பையன்கள், போன தை மாதம் இருமலோடு வந்து நின்ற அவள் புருஷன் எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். யாரையும் தனியாகப் பிரிக்க முடியாது. பேராச்சிக்கு ஏனோ கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"நேரா அடிச்சதெல்லாம் இங்க" என்றார் தேவசகாயம். "அந்தத் தெக்குச் செவுத்துல நீங்க பாத்தது ஒடம்புல பட்டுச் செதறுன கதிரு, வெறும் தூசி மாதிரி. ரெண்டையும் வச்சுப் பாருங்க, தெரியும். மொத வாரமே நிலைச்சட்டத்தக் கழத்தி இந்தப் பக்கம் மாட்டிட்டேன். வரைபடத்துல மாத்தல. இந்தச் செவுத்துக்கு அங்கிட்டு ஒண்ணும் கெடையாது, தூந்துபோன கெணறுதான்."

"கண்ணாடிக் கூண்டு இந்தப் பக்கந்தான இருந்துது?"

"ஆமா. கூண்டு இருந்த எடத்துலதான் சட்டம் வந்துட்டு. அப்பொறம் நான் எங்க நிக்க?"

பேராச்சி அவரையே பார்த்தாள். பதினோரு வருடம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை, வயரை இழுத்துக்கொண்டு வெளியே போய் உள்ளே வந்திருக்கிறார். ஊர் சிரித்திருக்கிறது. அவள் முகம் சுட்டது.

"ரஹ்மத்து கழுத்துக்கு…"

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. மாசா மாசம் போயி அளந்திருக்கேன். நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வெளியாளு மேல இவ்வளவுதான் படலாமின்னு ஒரு அளவு இருக்கு. அதுல பத்துல ஒரு பங்குகூட அங்க போகல. சட்டப் பித்தான் அறுந்துட்டுன்னு சொல்லிட்டுப் போவேன். பாவம், அவளும் தச்சுத் தருவா. நானே அத்துக்கிட்டுப் போன பித்தானு."

பேராச்சி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். நெஞ்சில் ஏறியிருந்த கல் இறங்கிய அழுகை. கொஞ்ச நேரம் அழுதபின் மூக்கைச் சிந்தி, முகத்தைத் துடைத்தாள். துடைத்த கையோடு அவளுக்குக் கோபம் வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க நேரா டாக்டர்ட்டப் போயி ஒத்துக்கிடுவீய. கெழக்கு ஜன்னல் கண்ணாடில மயிரளவு கீறல் விழுந்ததுக்கே போயிச் சொன்னவுகதான நீங்க. பொம்பளைக்குக் கரண்டி குடுத்தா இப்படித்தான்னு பேசிருப்பானுவ. அதோட உங்க பேரு முடிஞ்சிருக்கும்." தரையைப் பார்த்தார். "எனக்கும் பயந்தான். ரூம மூடுனா என் வேலையும் போகும். மூத்த மவளுக்கு அப்பந்தான் கல்யாணம் பேசி முடிச்சிருந்துது."

"இதுக்கப்பொறம் நான் மூணு எக்ஸ்ரே ரூமு கட்டினேன் சார். சுரண்டையில, ஆலங்குளத்துல, கடையத்துல. பெறவுதான் இரும்புச் சாரம் வந்துது, தொள போடுத வேலை இல்லாமப் போச்சு. அந்த மூணுலயும் கடைசிச் செவுத்துல எத அள்ளி அடச்சேன்னு எனக்கு நெனவில்ல. நீங்க அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா, எனக்குப் புத்தி வந்திருக்கும்லா?"

தேவசகாயம் அந்த மூன்று ஊரையும் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வாங்க" என்றாள் பேராச்சி. "மொதல்ல அவகிட்டச் சொல்லணும்."

ரஹ்மத்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து மெஷினை நிறுத்தினாள். "பித்தானா சார்?" என்று சிரித்தாள்.

பேராச்சி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துளை, சாதா கலவை, வெள்ளை விளக்கு, பிளக்கைச் செருகியது வரைக்கும். ஒன்றையும் மறைக்கவில்லை. ரஹ்மத்துவின் கை தானாகப் போய்க் கழுத்துத் தழும்பைத் தொட்டது. பிறகு தேவசகாயம் தன் பங்கைச் சொன்னார். வரும்போது எடுத்து வந்த நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். நூற்றுச் சொச்சம் வரிகள், மாதம் ஒன்று. ரஹ்மத்து விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தாள்.

"யக்கா, நீங்க தெரியாமச் செஞ்சீய" என்றாள் கடைசியில். "தெரிஞ்ச ஒடனே வந்து சொல்லிட்டீய. எனக்கு உங்க மேல வருத்தம் இருக்கு, ஆனா கோவம் இல்ல."

தேவசகாயத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க நல்லவுக. எனக்காக மழையில நனஞ்சிருக்கீய. அல்லா உங்களுக்குக் குடுப்பான். ஆனா இந்த ஸ்டூல்ல உக்காந்து, என் கையில பித்தானக் குடுத்துட்டு, சட்டப் பைக்குள்ள என் உசுர வச்சு அளந்துட்டுப் போயிருக்கீய. பதினோரு வருசம். அக்கா பேரு போயிரக்கூடாதுன்னு நெனச்சீய. உங்க வேலை போயிரக்கூடாதுன்னு நெனச்சீய. என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா? நான் இங்க உக்காரணுமா, எந்திரிச்சிப் போகணுமான்னு நானுல்லா முடிவு பண்ணணும்?"

தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "உனக்குப் பயமாயிருமேன்னு…"

"பயந்திருப்பேன். பயந்துட்டு, நாற்காலியத் தள்ளிப் போட்டிருப்பேன். அவ்வளவுதான சார்." அவள் குரல் உயரவே இல்லை. "கட்டின்னு சொன்ன அன்னைக்கி, எதனால வந்துது எதனால வந்துதுன்னு ராவும் பகலும் யோசிச்சேன். உம்மா வழியில இருந்து வந்துதா, தண்ணியில இருந்து வந்துதான்னு. இந்த நோட்டு கையில இருந்திருந்தா அதுல ஒண்ணயாவது அடிச்சுப் போட்டிருப்பேன்."

பேராச்சிக்கு அது சுருக்கென்று தைத்தது. தேவசகாயம் பேராச்சியின் பெயரையும் தன் வேலையையும் நினைத்திருக்கிறார். அவள் தன் பதினாலு ஆட்களைப் பற்றி நினைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்கும் ஒரு தலை இருக்கிறது, அது யோசிக்கும் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"தப்புதான் தாயி" என்றார் தேவசகாயம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அழுகை வந்ததா வேர்த்ததா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் தோள் இரண்டும் இறங்கியிருந்தன. வெகுநாளாகச் சுமந்ததைக் கீழே வைத்துவிட்டது தெரிந்தது.

ரஹ்மத்து பிளாஸ்கைத் திறந்து மூன்று தம்ளரில் தேயிலை ஊற்றினாள். தேவசகாயத்தின் தம்ளரில் மட்டும் இரண்டு தடவை சீனி போட்டாள். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். குடித்து முடித்ததும் கையை நீட்டினாள். "அந்த மீட்டரக் குடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார். எப்படிப் பார்ப்பது, எந்த எண் வந்தால் எழுந்து போக வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு தடவை சொன்னதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இஞ்சு டேப் பார்த்துப் பழகிய கண்.

இரண்டு மணிக்கு அதிகாரி வந்தாள். மதுரைக்காரப் பெண், முப்பது வயதிருக்கும். அவள் பெட்டியைத் திறப்பதற்குள் பேராச்சி ஒன்பது இடத்தையும் கையால் தொட்டுக் காட்டிவிட்டாள். வரைபடத்துக்கும் சுவருக்கும் ஏன் பொருந்தவில்லை என்று அதிகாரி கேட்டபோது தேவசகாயம் தானாகவே முன்னால் வந்து சொன்னார். டாக்டர் சங்கரநயினார் ஒரு பக்கமாக நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதினாள். துளைகளைக் குடைந்து கனப்பூச்சால் அடைக்க வேண்டும், அதுவரை மெஷின் கிடையாது, தேவசகாயம் துறை மேலதிகாரிக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேராச்சியின் உரிமத்தை என்ன செய்வது என்பதை மூன்று ஊர்ச் சுவர்களையும் படித்த பிறகு பார்க்கலாம் என்றாள்.

"அந்த மூணு ஊருக்கும் எப்பம் போவீய?" என்று வாசலில் நின்ற ரஹ்மத்து கேட்டாள்.

"நோட்டீஸ் போகணும், அவங்க பதில் வரணும். ஒரு மாசம் ஆகுங்க."

"ஒரு மாசமா" என்றாள் ரஹ்மத்து.

கடைக்குத் திரும்பிப் போனாள். மெஷின்மேல் துணியைப் போர்த்தினாள். பாவாடைக்காரி வந்தால் நாளைக்கு வரச் சொல்லும்படி பக்கத்துப் பழக்கடையில் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினாள். மீட்டரை மேலே போர்த்திய துப்பட்டியின் முனையில் முடிந்துகொண்டாள். பேராச்சியும் தேவசகாயமும் என்ன செய்கிறாள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுரண்டை பஸ் ரெண்டே முக்காலுக்கு இருக்கு" என்றாள். "சாயங்காலத்துக்குள்ள ஆலங்குளமும் பாத்துரலாம். கடையம் நாளைக்கி. அங்கயும் செவுத்துக்கு அந்தப் பக்கம் யாராவது இருப்பாங்கல்லா. அவங்ககிட்ட நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கப்படாது. நான் பேசுதேன்."

இருவரும் அவள் பின்னால் போய் பஸ் ஏறினார்கள்.